தினம் ஒரு சீஃப் கெஸ்ட்

போன சனிக்கிழமை காலையில் பிள்ளையார் முன்னால் நின்று ஒரு வேண்டுதல் வைத்தேன். அன்று சாயங்காலம் எங்கள் வார்டில் நடக்கவிருந்த திறப்பு விழா எப்படியாவது தள்ளிப்போக வேண்டும். மழை வரட்டும், மைக் செட் மக்கர் பண்ணட்டும், சீஃப் கெஸ்டுக்கு இதைவிடப் பெரிய மேடை வேறு எங்காவது கிடைக்கட்டும்...

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் திறப்பு விழாவை நடத்தியே தீரவேண்டும் என்று மாதக்கணக்காக மல்லுக்கு நின்றவளே நான்தான்.

காபி டம்ளரோடு வந்த என் வீட்டுக்காரர், “சாமி பாவம். நீ போன வருஷம் குடுத்த பெட்டிஷன இப்பதான் எடுத்துப் பார்த்து சாங்ஷன் பண்ணிருக்காரு. அதுக்குள்ள கேன்சல்னா அவரு என்ன பண்ணுவாரு?” என்றார். மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கடவுளைப் பற்றியும் அவருக்கு அப்படித்தான் நினைக்க வருகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பெங்களூரில் ஜோகுபாளையம் பக்கம்தான் எங்கள் வார்டு. சரியாக எது என்று கேட்காதீர்கள். வார்டு இன்ஜினியர் இப்போது எனக்கு நண்பராகிவிட்டார், அவரை வம்பில் மாட்டிவிட எனக்கு மனசில்லை. அவரைப் பசவராஜு என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் தெருமுனையில் காசு போட்டால் கேன் நிறைகிற குடிநீர் மையம் ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் ஒரு ஹால் கட்டினார்கள். இளைஞர் மையம். நல்ல ஹால்தான். வெளிச்சம், ஃபேன், சுவரோரம் மேஜைகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள், புத்தம்புது கேரம் போர்டுகள். எல்லாம் இருந்தது, சாவி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. ஏனென்றால் ஹால் இன்னும் ‘திறக்கப்படவில்லை’.

திறப்பது என்றால் நீங்களும் நானும் செய்வதுபோல் கதவைத் தள்ளுவது இல்லை. சீஃப் கெஸ்ட் வரவேண்டும். ரிப்பன் வெட்டவேண்டும். கல்வெட்டுக்கு முன்னால் தொங்கும் குட்டித் திரையைக் கயிறு இழுத்து விலக்கவேண்டும். அதற்குத் தேதி கிடைக்கவேண்டும்.

தேதிதான் கிடைக்கவில்லை. முதலில் ஆஷாட மாதம் வந்தது. கன்னடக்காரர்கள் அதில் நல்ல காரியம் வைக்கமாட்டார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள், “ஐயோ, ஆடி நடக்குதே” என்றார்கள் நம் ஆட்கள். இரண்டும் பாதிக்குப் பாதிதான் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதால், இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து வாழும் ஊரில் கெட்ட காலமும் கொஞ்சம் நீளம். பிறகு சட்டசபைக் கூட்டம். பிறகு பித்ரு பட்சம். பிறகு எங்கேயோ இடைத்தேர்தல், நன்னடத்தை விதி. ஹால் மட்டும் புது பெயின்ட் வாசனையோடு பூட்டிக்கிடந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வார்டு கமிட்டி கூடும். மாநகராட்சித் தேர்தல் நடக்காமல் கவுன்சிலர் இல்லாத காலம் இது. அதிகாரிகள் வருவார்கள், நாங்கள் குறை சொல்வோம், அவர்கள் தலையாட்டுவார்கள், எல்லோருமாக டீ குடிப்போம். பத்திரிகையில் எழுதுகிறவள் என்று என்னையும் கமிட்டியில் போட்டார்கள். போட்டதற்காக அப்புறம் வருத்தப்பட்டார்கள்.

அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் சௌமியா வந்தாள். எங்கள் பின்தெருப் பெண். மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற வேலை, சாயங்காலம்தான் விடுவார்கள். போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறாள். போன முறை கொஞ்சத்தில் தவறியது. இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு.

“வீட்டுல ஏன் படிக்கக் கூடாது?” என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார்.

“அண்ணனுக்கு ட்வின்ஸ் பொறந்திருக்கு சார். ரெண்டு ரூம் வீடு. ஒண்ணு தூங்குனா ஒண்ணு எழுந்துக்கும்” என்றாள் சௌமியா. புகார் சொல்கிற குரலே இல்லை. குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்புகூட வந்தது. “மாடி ஹால்ல ஒரு மூலை குடுத்தா போதும். நான் பாட்டுக்குப் படிச்சிட்டுப் போயிடுவேன்.”

பசவராஜு நெளிந்தார். “ஆகல்ல மேடம்” என்றார், கேட்டவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து. முடியாது என்பதை இதற்குமேல் மரியாதையாகக் கன்னடத்தில் சொல்ல முடியாது. “ஓபனிங் ஆகாத பில்டிங்க யாருக்கும் யூஸ் பண்ணக் குடுக்க ரூல்ஸ் இல்ல. நாளைக்கு சீஃப் கெஸ்ட் வந்து, ‘நான் தொறக்கறதுக்கு முன்னாடி யாரு தொறந்தது’ன்னு கேட்டா என் வேலை போயிடும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நக்கல் வரும்.

“சரி சார். விழா அன்னிக்கு பிரார்த்தனை யாரு பாடுவாங்க?”

“நம்ம வார்டு பசங்கதான் மேடம்.”

“வரவேற்பு டான்ஸ்?”

“அதும் அவங்கதான்.”

“ரிஹர்ஸல் எங்க பண்ணுவாங்க? நடுரோட்லயா?”

குத்திக்காட்டத்தான் கேட்டேன். ஆனால் மனுஷர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பேனாவை மூடினார், திறந்தார். பாவம், அவரும் எத்தனை மாதம்தான் எங்களிடம் பேச்சு வாங்குவார்?

“ரிஹர்ஸலுக்குன்னா... குடுக்கலாம் மேடம். ஓபனிங்குக்கு ரிஹர்ஸல் அவசியம்தானே. ஆனா நான் எப்ப வந்து பார்த்தாலும் ரிஹர்ஸல் நடக்கணும்.”

“எத்தன நாளைக்கு சார் ரிஹர்ஸல்?” என்றான் இம்ரான். பி.காம் படிக்கிற பையன், எங்கள் தெருவின் கேரம் சாம்பியன். அதுவரை அவன் ஆடிக்கொண்டிருந்தது டீக்கடை வாசலில்.

“டேட் ஃபிக்ஸ் ஆகற வரைக்கும்” என்றார் பசவராஜு. அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இப்படியாக, திறக்காத ஹால் திறந்தது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சாவி வரும். முதலில் ஒத்திகை. அதை உண்மையாகவே செய்தார்கள், இன்ஜினியருக்குக் கொடுத்த வாக்கு இல்லையா? பிரார்த்தனை, வரவேற்பு நடனம், சீஃப் கெஸ்டுக்கு மரியாதை, அவர் உரை, கடைசியில் நன்றியுரை. அது முடிந்ததும் ஒரு பக்கம் கேரம், ஒரு பக்கம் படிப்பு. படிக்கிறவர்கள் பக்கம் சத்தம் போட்டால் மறுநாள் கேரமுக்கு இடமில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவன் இம்ரான். கடுமையான சட்டம். அவனே ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நன்றியுரையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்? நம் ஊர் விழாக்களில் நன்றியுரை ஆரம்பிக்கும்போதுதான் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்கும். பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள், மீதிப் பேர் மிக்ஸர் பொட்டலத்தை நோக்கிப் போவார்கள். சௌமியா தானே முன்வந்து எடுத்துக்கொண்டாள். “கடைசி ஐட்டம்தானே ஆன்ட்டி? அது வரைக்கும் படிச்சிட்டு இருப்பேன்” என்றாள். மூலையில் அரசியலமைப்புச் சட்டம் படித்துக்கொண்டிருப்பாள். இம்ரான் மைக் இல்லாமலே, “அடுத்ததாக வந்தனார்ப்பணே” என்று நன்றியுரைக்கான கன்னட வார்த்தையைச் சொல்லி அறிவித்ததும் விரலைப் புத்தகத்துக்குள் வைத்தபடியே எழுந்து வந்து எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்காருவாள்.

எல்லாம் சரி, ஒத்திகைக்கு சீஃப் கெஸ்ட் வேண்டாமா?

அதுதான் அமர்க்களம். தினம் ஒருவரைப் பிடித்து வருவார்கள். தலைக்கு, அட்டையில் ஜிகினா பேப்பர் சுற்றிய மைசூர் பேட்டா, அதாவது ராஜா காலத்துத் தலைப்பாகை. சால்வைக்கு இம்ரான் அம்மாவின் துப்பட்டா. பழத்தட்டில் ஒரே ஆப்பிள், அதையும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். கீழே குடிநீர் கேன் நிரப்ப வருகிறவர், பூக்கட்டுகிற அக்கா, டியூஷன் விட்டு வருகிற வாண்டு என்று யார் மாட்டினாலும் அன்றைக்கு அவர்தான் சீஃப் கெஸ்ட். பேட்டா வைத்துக்கொண்டால் பேசவேண்டும். அது கட்டாயம்.

பூக்கட்டுகிற அக்கா முதலில் மாட்டேன் என்று வெட்கப்பட்டார். பேட்டாவை வைத்ததும் என்ன ஆயிற்றோ, கீழே தண்ணீர் மையத்து வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களைப் பற்றி அப்படி ஒரு பேச்சு. வார்டு கமிட்டியில் நான்கூட அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. என் வீட்டுக்காரர் அழைக்கப்பட்ட அன்று, “மேடையில் வீற்றிருக்கும்” என்று ஆரம்பித்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, மேடையே இல்லாத ஹாலில் ஆறேழு பேருக்கு ‘அவர்களே’ போட்டுவிட்டு அத்துடன் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, “எப்படிப் பேசினேன்?” என்று வேறு கேட்டார்.

எனக்கும் ஒரு நாள் கிடைத்தது. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், சால்வை எல்லாம் போர்த்தியிருக்கிறார்கள். அந்தத் துப்பட்டாவில் இருந்த சந்தோஷம் எதிலும் இல்லை. பொய்யான விழாவில் கைதட்டுகிறவர்கள் மட்டும் நிஜமாகத் தட்டுகிறார்கள், அதனாலோ என்னவோ.

பசவராஜு சில நாள் எட்டிப்பார்ப்பார். ஒத்திகை பார்க்க வந்ததாகத்தான் சொல்வார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேரம் போர்டு பக்கம் போய்விடுவார். சுமாராக ஆடுவார். இம்ரான் விட்டுக்கொடுக்கமாட்டான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது... தேதி கிடைத்துவிட்டது.

போன மாதக் கூட்டத்தில் பசவராஜு எழுந்து நின்று அறிவித்தார். கமிட்டி கைதட்டியது. நானும் தட்டினேன். அப்புறம்தான் அவர் நேரத்தைச் சொன்னார். திறப்பு விழாவுக்குப் பிறகு ஹால் தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ஞாயிறு விடுமுறை.

“சார், பத்துல இருந்து அஞ்சு வரைக்கும் யூத் எல்லாம் காலேஜ்ல, வேலைல இருப்போமே?” என்றான் இம்ரான்.

“ஆபீஸ் டைம் அதானேப்பா. சாயங்காலத்துக்கு வாட்ச்மேன் போஸ்ட் சாங்ஷன் ஆகல்ல.”

“அப்ப இத்தன நாள் மாதிரி ரிஹர்ஸல்னு...”

“ஓபனிங் ஆயித்துன்னா அப்புறம் எதுக்குப்பா ரிஹர்ஸல்?”

நியாயமான கேள்வி. நான் சௌமியாவைப் பார்த்தேன். பரீட்சைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. மெடிக்கல் ஷாப் வேலை முடிந்து அவள் வரும்போது ஹால் பூட்டியிருக்கும். ஹாலைத் திற, திற என்று கத்திக் கத்தி நாங்களே அதை அவளுக்கு மூடப்போகிறோம்.

நேரத்தை மாற்றச் சொல்லி மேல் அதிகாரிகளைப் பார்த்தோம். நல்ல மரியாதை. காபி கூடக் கொடுத்தார்கள். “பரிசீலிக்கிறோம்” என்றார்கள். பரிசீலிப்பது என்றால் எவ்வளவு காலம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதனால்தான் சனிக்கிழமை காலையில் பிள்ளையாரிடம் போனேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மழை இல்லை, மைக் கணீரென்று பாடியது, சீஃப் கெஸ்டும் வந்துவிட்டார். தாமதமாகத்தான் வந்தார். ஆனால் வந்துவிட்டார்.

ரிப்பன் வெட்டினார். திரை விலகியது. எல்லோரும் மாடியேறினோம். அதற்குள் அவருடைய பி.ஏ. கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். அடுத்து இரண்டு விழா இருக்கிறது, கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

பசவராஜுவுக்கு வியர்த்தது. எதை வெட்டுவது? டான்ஸை வெட்டினால் அம்மாக்கள் விடமாட்டார்கள். மரியாதையை வெட்டினால் சீஃப் கெஸ்ட் விடமாட்டார். உரையை வெட்டும் தைரியம் யாருக்கும் கிடையாது.

“நன்றியுரைய ஃபர்ஸ்ட் வச்சிடலாம் சார்” என்றாள் சௌமியா. புதுச் சேலையில் இருந்தாள், முகம் வெளிறியிருந்தது. “கடைசில வச்சா சார் கெளம்பிடுவாரு. நன்றி சொல்லாம அனுப்பினா நல்லா இருக்காது இல்ல?”

பி.ஏ. உடனே சரி என்றார். நன்றியை யார் வேண்டாம் என்பார்கள்?

மைக்கைப் பிடித்தாள். சுத்தமான கன்னடம். இத்தனை வேலைகளுக்கு நடுவே வந்த தலைவருக்கு நன்றி. ஹாலைக் கட்டிய அதிகாரிகளுக்கு நன்றி. கேட்கும்போதெல்லாம் உதவிய இன்ஜினியருக்கு நன்றி. தினமும் ஒத்திகையில் கேட்டதுதான். நான் பாதி கவனமாக இருந்தேன்.

“எல்லாவற்றுக்கும் மேலாக” என்றாள். இது ஒத்திகையில் இல்லாதது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “வேலைக்குப் போகிற, காலேஜ் போகிற எங்களை மனதில் வைத்து, இந்த ஹால் ஞாயிற்றுக்கிழமை உள்பட தினமும் மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரை திறந்திருக்க ஏற்பாடு செய்திருக்கும் எங்கள் தலைவருக்கு, வார்டு இளைஞர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி.”

இம்ரான்தான் முதலில் தட்டினான்.

பிறகு ஹால் முழுக்கக் கைதட்டல். எப்பேர்ப்பட்ட கைதட்டல் என்கிறீர்கள்? எந்த இடத்தில் தட்டவேண்டும் என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த கூட்டம் அது. பூக்கட்டுகிற அக்கா எழுந்து நின்று தட்டினார். நானும் எழுந்துவிட்டேன்.

சீஃப் கெஸ்ட் திரும்பிப் பசவராஜுவைப் பார்த்தார். பசவராஜு ஃபேனைப் பார்த்தார்.

‘நான் எப்போது சொன்னேன்?’ என்று சீஃப் கெஸ்ட் கேட்டால் என்ன ஆகும்? போலீஸ் வேலைக்குப் போகப்போகிற பெண், பெரிய மனுஷரைச் சபையில் வைத்து இப்படிச் செய்யலாமா? ஆனால் முன்வரிசையிலிருந்து எத்தனையோ செல்போன்கள் அவர் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் எழுந்தார். மைக்கை வாங்கினார்.

“இளைஞர்கள்தான் இந்த நாட்டின் சொத்து” என்றார். மூச்சு விட்டோம். “ஆறிலிருந்து ஒன்பது என்றா சொன்னார்கள்? போதாது. ஒன்பதரை வரை திறந்திருக்கட்டும். வாட்ச்மேன் என் பொறுப்பு.”

சௌமியா கும்பிட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கீழே மிக்ஸர் பொட்டலம் கொடுக்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன். “எங்கிட்டக்கூடச் சொல்லலையே?”

“சொல்லிருந்தா நீங்க வேணாம்னு சொல்லிருப்பீங்க ஆன்ட்டி” என்றாள். உண்மைதான். நான் பெட்டிஷன் கோஷ்டி. குறை சொல்லியே பழகிவிட்டேன். செய்யாத காரியத்துக்கு முன்கூட்டியே நன்றி சொன்னால் அது நடந்துவிடும் என்று எனக்கு எங்கே தோன்றப்போகிறது?

நீங்களும் வேண்டுமானால் உங்கள் வார்டில் முயன்று பாருங்கள். கூட்டம் இருக்கும்போது சொல்லவேண்டும், அதுதான் முக்கியம். தனியாகச் சொன்னால் பலிக்காது.

திங்கட்கிழமையே பெயின்டர் வந்தார். ‘மாலை 6 முதல் 9.30 வரை’ என்று கன்னடத்தில் பெரிதாக எழுதிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் மேலே போனபோது, சௌமியா மூலை மேஜையில் காதைப் பொத்திக்கொண்டு எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவே இல்லை. தொந்தரவு செய்யாமல் இறங்கிவிட்டேன்.

நேற்று பசவராஜு போன் செய்தார். தெருவிளக்கு விஷயம் பேசினார், சாக்கடை மூடி விஷயம் பேசினார். வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், அந்தப் பொண்ணு கண்டிப்பா பாஸ் ஆயிடுவா. ஆனா ஒண்ணு... போஸ்டிங் மட்டும் நம்ம ஏரியா ஸ்டேஷனுக்கு வேண்டாம்னு சாமி கிட்ட சொல்லுங்க.”

சொல்லமாட்டேன். இங்கேயே போடச்சொல்லி இன்று காலைதான் பிள்ளையாருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.